அடுப்பில் வைக்காத நட்சத்திரம்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. என் அங்கன்வாடியில் பதினொரு பிள்ளைகள். எல்லோரும் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளில், இருப்பவர்கள். மரத்தில் தொங்கவிட்டுப் பிறகு தின்னும் நட்சத்திரங்கள் செய்வதாகத் திட்டம். வேண்டியதை முதல் நாளே எழுதி வைத்திருந்தேன்: மேரி பிஸ்கட் நான்கு பாக்கெட், டின் பால் ஒன்று, உலர்ந்த தேங்காய்த் துருவல், சிவப்பு நூல்.

காலையில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து விட்ட அவள் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"இவளுக்கு வேண்டாம் டீச்சரே. எங்க வீட்டுல இந்த வருசம் பலகாரம் இல்ல."

ஆடி மழையில் லயத்தின் பின்சுவர் இடிந்து விழுந்து அந்தப் பிள்ளையின் அப்பா இறந்திருந்தார். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது.

"சட்டியும் இல்ல, எண்ணெயும் இல்ல," என்றேன். "அடுப்பே பத்த வைக்கப் போறதில்ல. பொடிச்சுப் பிசையறதுதான். இது எப்படிப் பலகாரமாகும்?"

அவள் மகளின் கையை விட்டாள். "டீச்சர் சொன்னா சரிதான்."

என் நியாயம் எனக்கே பிடித்திருந்தது.

பிசைந்த மாவை வெண்ணெய்த்தாளில் தட்டி, ஸ்ட்ராவால் துளையிட்டோம்.

"டீச்சரே, இவளோட நட்சத்திரத்துக்கு எட்டுக் காலு!"

"அது நண்டுடி."

"நண்டக் கொண்டுபோயி மரத்துல தொங்கவிடுவாளாம்!"

அப்பாவை இழந்த அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து முனைகளையும் விரலால் அழுத்தி அழுத்திக் கூராக்கினாள். கிறிஸ்துமஸ் மரமாக நட்டிருந்த சில்வர் ஓக் கிளையில் மாட்டும்போது தன்னுடையதைத் தரவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோறேன்," என்றாள். கொடுத்தனுப்பினேன்.

மதியம் மூடுபனி இறங்கியது. ஈரத்தில் பிஸ்கட் இளகி, துளையை நூல் அறுத்துவிட, மூன்று மணிக்குள் ஏழு நட்சத்திரங்கள் கீழே விழுந்தன. ஏழு என்று எழுதி வைத்தேன்.

மாலை பஸ்ஸுக்கு நடக்கையில் அவர்கள் லயத்தின் பின்பக்கம் அம்மாவும் மகளும் நிற்பதைப் பார்த்தேன். இடிந்த சுவரில் இடுப்புயரம் மிச்சம் இருந்தது. அதற்குமேல் நீலத் தார்ப்பாய். சுவர் மேல் அந்த நட்சத்திரம்.

"காக்காய்க்கு வச்சேன் டீச்சரே. அப்பா வரல," என்றாள் பிள்ளை.

தகரக் கூரையில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்துதான் இருந்தன.

"பதினாறாம் நாளு சோறு வச்சதும் எடுத்துச்சு டீச்சரே," என்றாள் அம்மா, தணிந்த குரலில்.

பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. "அது அடுப்புல வெந்த சோறும்மா. இது வேகாதது. அதான் எடுக்கல."

காலையில் நான் சொன்ன அதே நியாயம்.

அம்மா நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தார்ப்பாய் விலகிய இடத்தில் அடுப்படி தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லை வைத்து, எண்ணெய் தடவாமல் அதன்மேல் போட்டாள். டின் பால் உருகிக் கல்லோடு ஒட்டியது. சுரண்டி எடுத்தபோது முனைகள் ஐந்தும் போய்விட்டன. கரிந்த கட்டி ஒன்றுதான் மிஞ்சியது.

பிள்ளை அதை இரண்டு கைகளாலும் வாங்கி அதே இடத்தில் வைத்தாள்.

"இப்ப வெந்துருச்சுப்பா," என்றாள் சுவரைப் பார்த்து.

ஒரு பஸ்ஸை விட்டேன். இருட்டத் தொடங்கியதும் இரண்டு காக்கைகளும் எழுந்து அடையப் போயின.