ஒரு ‘ஜ’வைத் திருத்தினேன்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நிகழ்ந்தது இது. நான் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தனித்து வாழும் முதியோருக்கு உதவ எங்கள் தெருவார் சிலர் ஒரு குழு அமைத்திருந்தோம். கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் பெண்மணி ஒருவர் அம்முதியோரின் விவரங்களை ஒரு விரிதாளில் தொகுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால் பெயர்கள் வரிசையாகக் கீழே விரியும். ஒரு பெயரைத் தேர்ந்தால், உறவினரின் எண், உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து ஆகியவை இரண்டாம் பக்கத்து அட்டவணையிலிருந்து தாமே வந்து நிற்கும். அதைப் பேணும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஒருநாள் அப்பெயர் வரிசையைப் பார்த்தபோது என் பழைய தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. ஜ, ஸ, ஷ எனும் எழுத்துகள் கண்ணை உறுத்தின. எவரையும் கேளாமல் அவற்றையெல்லாம் தமிழ் மரபுப்படி மாற்றினேன். ‘ஜ’வில் தொடங்கிய ஒரு மூதாட்டியின் பெயர் ‘ச’வில் தொடங்கலாயிற்று. பிறகு வடவெழுத்தே இல்லாத இரண்டு பெயர்களைத் தேர்ந்து பார்த்தேன். விவரம் சரியாகவே வந்தது. நிறைவோடு மூடிவைத்தேன்.

சில நாள் சென்று, ஒரு காலையில், அம்மூதாட்டி காலில் சீழ்ப்புண் முற்றி, கடுங்காய்ச்சலில் நினைவு தடுமாறிக் கிடப்பதாக அண்டை வீட்டார் அழைத்தனர். ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். செவிலியர் விரைந்து வந்தார்.

“சார், இவங்களுக்கு எந்த மருந்தாச்சும் அலர்ஜி இருக்கா? பேக, சீக்கிரம் சொல்லுங்க, இன்ஜெக்‌ஷன் போடணும்.”

கைப்பேசியில் விரிதாளைத் திறந்து பெயரைத் தேர்ந்தேன். ‘ஒவ்வாத மருந்து: இல்லை’ என்று வந்தது. அப்படியே சொன்னேன். அவர் உள்ளே சென்றார். திரையில் கண்ட உறவினர் எண்ணை அழைத்து, “உங்கள் தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்” என்றேன். எடுத்த பெண்ணுக்குச் சினம் பொங்கியது.

“யாருங்க நீங்க? எங்கம்மா இதோ என் எதிர்ல உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்காங்க! காலங்காத்தால விளையாடறீங்களா?”

திரையில் நின்றது வேறொரு மூதாட்டியின் விவரம். அப்படியானால் ‘இல்லை’ என்ற அச்சொல்லும் அவருக்கே உரியது.

“சிஸ்டர், போடாதீங்க!” என்று கத்தியவாறு உள்ளே ஓடினேன். செவிலியர் ஒரு கையில் ஊசியுடன், மூதாட்டியின் தோளைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பக்கத்து அட்டவணைக்குச் சென்றேன். அங்கே நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. ‘ஜ’வில் அவர் பெயர் இருந்தது. பெனிசிலின் ஒவ்வாது என்றும், முன்பொருமுறை அதனால் மூச்சுத் திணறி உயிருக்குப் போராடினார் என்றும் பதிந்திருந்தது. செவிலியர் ஊசியை மெல்லத் தட்டில் வைத்தார்.

“இதே மருந்துதான் சார்” என்றார். மருத்துவர் வேறு மருந்து எழுதினார்.

வெளியே வந்து, விரிதாளை அமைத்த பெண்மணியை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

“லிஸ்ட்ல பேரை மாத்திட்டீங்க, டேபிள்ல மாத்தலையே சார். அந்தப் பேரு கிடைக்கலைன்னா, வரிசையில அதுக்கு முன்னாடி இருக்கிற ஆளோட விவரத்தைக் குடுத்துடும். ‘கிடைக்கலை’ன்னு காட்டற மாதிரி நானும் செட் பண்ணாம விட்டுட்டேன்.”

தம் பிழையையும் சேர்த்துச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. அன்றே அவர் அதைச் சீர்செய்தார். நான் எல்லாப் பெயர்களையும் பழையபடியே மாற்றினேன்.

மூதாட்டி தேறிய பின், ஒன்றையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

“ஞானஸ்நானத்துல வெச்ச பேரு வாத்தியாரே. இத்தனை வருசமா யாரும் தப்புன்னு சொல்லல. நீங்க எதுக்குச் சிவப்பு மை எடுத்தீங்க?”

நான் சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னார். என்னால் இயலவில்லை.

தூய தமிழின்மேல் எனக்குள்ள பற்று இன்றும் குறையவில்லை; எனினும், பிறர் பெயரைத் திருத்தும் உரிமையை எனக்கு எவரும் அளித்ததில்லை என்பதை ஓர் உயிரைப் பணயம் வைத்துக் கற்றேனே என்ற குற்றவுணர்வு இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.