புறப்படும் கோட்டில் அத்தான்

என் அத்தான் மகேந்திரராஜா ஓர் இடத்தில் அடங்கி இருந்ததை நான் கண்டதில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்தால் கதிரைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு பிடி சோற்றுக்கும் அடுத்த பிடிக்கும் இடையில் எழுந்து போய் யன்னலைத் திறப்பார். திரும்பி வந்து இருந்துவிட்டு, பிறகு அதை மூடப் போவார். "இருந்து சாப்பிடுங்கோவன், ஆர் உங்களைக் கலைக்கிறது?" என்று என் அக்கா பவளம் கத்தாத நாளே இல்லை. "ஓம், ஓம்" என்பார் அத்தான். கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

நான் மெல்பேர்ணுக்கு வந்த புதிதில் மல்கிரேவில் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். எழுபத்தாறாம் ஆண்டு. அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு இன்னும் வேலிகூட அடைக்கவில்லை. அத்தான் ஒரு ஹைஸ்கூலில் கணிதம் படிப்பித்தார். யாழ்ப்பாணத்திலும் அதுதான் வேலை. ஆனால் அங்கே அவரைக் கணித மாஸ்டர் என்று ஒருவரும் சொன்னதில்லை. 'அணிநடை மாஸ்டர்' என்பதே பெயர். விளையாட்டுப் போட்டி வந்தால் மாணவர் இல்லங்களின் அணிநடைக்குப் புள்ளி போட ஊரிலுள்ள பள்ளிக்கூடங்கள் எல்லாம் அவரைத்தான் கூப்பிடும். குறைத்தால் குறைத்ததுதான். பள்ளி அதிபரே வந்து பல்லைக் காட்டினாலும் மனிதர் மசியமாட்டார்.

அந்தக் குணம் அவரை எங்கேயும் விடவில்லை. திருவிழாவில் எல்லோரும் சுவாமியைப் பார்த்துக் கும்பிட்டால் இவர் சுவாமியைத் தோளில் காவுகிறவர்களின் கால்களைப் பார்த்து, "மூண்டாவது ஆள் கால் மாறி வைக்கிறான்" என்று முணுமுணுப்பாராம். என்னோடு தெருவில் நடக்கும்போது ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, தன் அடியை என் அடியோடு சேர்த்துக்கொள்வார். நான் வேண்டுமென்றே அடியை மாற்றுவேன். அவர் திரும்பவும் துள்ளுவார். அவரை இப்படிப் படுத்துவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அவர்களுக்கு ஒரே மகள் யோகா, பதினான்கு வயது. அவள் படித்தது அத்தான் படிப்பிக்காத வேறொரு ஹைஸ்கூல். முதல் வருடம் முழுக்க மதிய இடைவேளையில் லைப்ரரிக்குள் போய் ஒளிந்திருந்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. அப்படி ஒரு பிள்ளை அங்கே இருக்கிறாள் என்றே யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளை இரவில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 

பிறகு பள்ளிக்கூட பாண்டுக்கு ஆள் சேர்த்தார்கள். வாத்திய அலுமாரியில் மிஞ்சிக் கிடந்தது ட்ரொம்போன் மட்டும்தான். வீணைக் கனவில் இருந்த அக்கா, "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு உந்தக் குழாய்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ட்ரொம்போன்காரர்கள் எப்போதும் முன் வரிசையில்தான் நடப்பார்கள். குழலை முன்னால் நீட்டி நீட்டி இழுக்க வேண்டும், முன்னுக்கு ஆள் நின்றால் முதுகில் இடிக்கும். ஊதுகிறவர்கள் ஐந்து பேர், வரிசையில் இடம் நான்கு பேருக்கு. பல மாதம் ஐந்தாவது ஆளாக வெளியே நின்ற யோகாவுக்கு ஜனவரியில் முடிந்த கோடை விடுமுறைக்குப் பிறகுதான் இடது ஓரத்தில் இடம் கிடைத்தது. "போட்டியில் பிழை விட்டால் இடம் மற்றப் பிள்ளைக்குப் போகும்" என்று பாண்ட் மாஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அவளுக்கு அது வெறும் இடம் இல்லை. இப்போது மதியத்தில் நான்கு பிள்ளைகள் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள், அதில் ஒருத்தி அவள்.

அத்தான் நடுவரான கதையையும் சொல்லிவிட வேண்டும். பாண்ட் போட்டிகள் எங்கே நடந்தாலும் போய்க் கயிற்றுக்கு வெளியே நின்று, "அந்த வளைவில் உள் ஆள் அடியைக் குறைக்கவில்லை, வரிசை கிழிந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒருநாள் தலைமை நடுவர் திரும்பிப் பார்த்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற, வயிறு பெருத்த கிழவர். ஏசப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ ஒரு பென்சிலை நீட்டி, "வாய்க்குப் பதில் இதைப் பயன்படுத்தும்" என்றார். அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் தானே தேத்தண்ணி போட்டார். இந்த நாட்டில் அவருக்குத் தெரிந்த ஒன்றை யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை.

புள்ளி போடுகிற முறை எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. வாசிப்புக்குப் புள்ளி போடுகிறவரைத் தெரு ஓரத்தில் ஒரு கூடாரத்துக்குள் அடைத்துவிடுவார்கள். எந்தப் பள்ளி போகிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது, காது மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். நடைக்குப் புள்ளி போடுகிறவர்கள் மூன்று இடத்தில் நிற்பார்கள். ஒருவர் புறப்படும் கோட்டில், ஒருவர் திருப்பத்தில், ஒருவர் வந்து நிற்கும் இடத்தில். அவர்களுக்குக் கண் மட்டும்தான். மேளம் விழுந்ததும் எல்லோருடைய இடது காலும் ஒன்றாக எழும்ப வேண்டும். ஒரு கால் மாறினால் ஒரு புள்ளி போச்சு.

போட்டி மார்ச் மாதத்தில், நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூரின் பெரிய தெருவில். அன்று காலை வீடு அல்லோலகல்லோலப்பட்டது. யோகாவின் வெள்ளைக் கையுறையில் ஒன்றைக் காணவில்லை. அக்கா குசினிக்கும் அறைக்குமாக ஓடினாள். பள்ளி வான் வாசலில் வந்து ஹோர்ன் அடித்தது. கையுறை சலவைக் கூடைக்குள் அகப்பட்டது. வழக்கமாக வெளிக்கிடும்போது பிள்ளைக்கு வாசலில் நின்று சொல்வது அக்காதான். அன்று அவளுக்கு மூச்சு வாங்கியது. அதனால் அத்தான் சொன்னார்.

"பிள்ளை, வலது காலை எடுத்து வைச்சுப் போட்டு வா."

யோகா குனிந்து காலைப் பார்த்தாள். வலது காலை வாசற்படிக்கு வெளியே வைத்துப் போனாள்.

அத்தானுக்கு அன்று திருப்பத்தில் நிற்கிற வேலை. போய் இறங்கினால், கோட்டில் நிற்க வேண்டியவர் வெயிலில் மயங்கிக் கிடந்தார். தலைமை நடுவர் அத்தானைக் கோட்டுக்குப் போகச் சொன்னார். "ஒரு பாண்டில் என் மகள் இருக்கிறாள்" என்றார் அத்தான். "இங்கே நிற்கிற எல்லோருக்கும் ஏதோ ஒரு பாண்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. போம்" என்றார் கிழவர்.

நானும் அக்காவும் கோட்டுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தோம். ஒவ்வொரு பாண்டாகப் போனது. அத்தான் பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் யோகாவின் பாண்ட். வெயிலில் பித்தளை எல்லாம் கண்ணைக் கூசவைத்தது. இடது ஓரத்தில் எங்கள் பிள்ளை, தொப்பி புருவத்தில் முட்ட, உதட்டைக் குழலில் வைத்தபடி. தகப்பன் நாலு முழத்தில் நிற்கிறார். அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். மேளம் விழுந்தது.

எனக்குக் கால் எல்லாம் பார்க்கத் தெரியாது. ஆனால் புறப்பட்டு இரண்டு அடி போனதும் யோகா ஒரு சின்னத் துள்ளல் துள்ளினாள். அந்தத் துள்ளலை எனக்கு நன்றாகத் தெரியும். என்னோடு நடக்கும்போது அத்தான் துள்ளுவது. கால் மாறி வைத்தவர்தான் அப்படித் துள்ளிச் சரிசெய்வார்.

நான் அத்தானைப் பார்த்தேன். பென்சில் தாளுக்கு மேலே நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பாண்ட் தெருமுனைக்குப் போய்விட்டது. அவர் எதையும் எழுதாமல் கையெழுத்தை மட்டும் போட்டு, தாள் சேர்க்க ஓடிவந்தவரிடம் கொடுத்தார்.

புள்ளி கூட்டி முடிய ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் யோகா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, கண்டனீங்களே?"

"என்னத்தை?"

"மேளம் அடிக்கேக்கை உங்களைப் பாத்தனான். காலமை நீங்கள் சொன்னது மாதிரியே கேட்டுது. வலது கால் தன்பாட்டில போட்டுது."

அத்தான் தாடையைத் தடவினார். "நான் காணேல்லை, பிள்ளை."

யோகா அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்கள் எல்லாவற்றையும் காண்பீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரலில் நன்றி இல்லை. திரும்பிப் பார்க்காமல் தன் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. மைதானத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு நடந்தார். அக்கா தேத்தண்ணியை நீட்டினாள், வாங்கினார், குடிக்காமல் வேலிக் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நடந்தேன். வழக்கம்போல அடியை மாற்றிப் பார்த்தேன். அவர் துள்ளவில்லை. இரண்டு பேரும் தாறுமாறாக நடந்தோம். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"பிழை அவளின்ர இல்லை, என்ர" என்றார் அத்தான். "இருபது வருசம் பிள்ளையளுக்கு இடது, இடது எண்டு கத்தின வாயால, வாசலில நிண்டு வலது எண்டு சொன்னனான்."

"அப்ப விடுங்கோவன், அத்தான். ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

"பாவம், அந்த இடம் போட்டுதெண்டால் பிள்ளை திரும்பவும் லைப்ரரிக்குள்ளதான்."

"தெரியும்" என்றார். கண் கலங்கிவிட்டது. "அதுதானே எழுதேல்லை. ஆனால் அவள் என்னைப் பாத்த பார்வையைப் பாத்தனியோ? அவளுக்கு இனி நான் ஆர், தம்பி?"

சொல்லிவிட்டு நேரே நடுவர் கூடாரத்துக்கு நடந்தார். "எங்கை போறியள்?" என்று அக்கா கேட்டது காதில் விழவில்லை. நான் வாசல் வரை போனேன். உள்ளே கிழவர் தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசி பாண்ட். முன் வரிசை, இடது ஓரம். வலது காலில் புறப்பட்டது. நான் எழுதவில்லை" என்றார் அத்தான்.

"ஏன்?"

"அது என் மகள்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார்.  பிறகு தாளைத் தேடி எடுத்துப் பென்சிலோடு முன்னால் தள்ளினார். "எழுதிக் கையெழுத்தும் வையும். ஒரு புள்ளி. அடுத்த போட்டிக்கு உம்மைக் கூப்பிடுவேனா என்று எனக்குத் தெரியாது, நண்பரே." அத்தான் எழுதினார். 

யோகாவின் பாண்ட் அரைப் புள்ளியால் இரண்டாவதாக வந்தது.

முடிவு சொன்னதும் நடுவர் தாள்களைப் பாண்ட் மாஸ்டர்களிடம் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த மாஸ்டர் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி வாசித்தார். புறப்பாட்டுக்கு வந்ததும் எல்லாத் தலையும் யோகாவின் பக்கம் திரும்பியது. அவள் குனிந்து ட்ரொம்போனைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு பள்ளி வானுக்குப் போகாமல் எங்கள் காருக்கு வந்து பின் சீட்டில் ஏறினாள்.

வழி முழுக்க அக்கா ஒருத்திதான் பேசினாள். "ஊரில ஆரும் தகப்பன் செய்வானே இப்பிடி? பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுத்திட்டு வாறியள். உங்கட ஒரு புள்ளியைக் கொண்டுபோய் அவிச்சுத் தின்னுங்கோ." அத்தான்தான் காரை ஓட்டினார். கால் அடங்கவில்லை, கார் துள்ளித் துள்ளிப் போனது. யோகா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாஸ்டர் என்ன சொன்னார் என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவைத் திறந்தாள். யோகா பெட்டியோடு வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றாள். தகப்பன் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு நிதானமாக, எல்லோரும் காணத்தக்கதாக, இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துப் போனாள்.

"ஐயோ பிள்ளை" என்றாள் அக்கா. 

அத்தான் படிக்கு முன்னால் நின்றார். ஒரு காலைத் தூக்கினார், இறக்கினார். மற்றதைத் தூக்கினார், அதையும் இறக்கினார். ஆயிரம் பிள்ளைகளின் காலுக்குப் புள்ளி போட்ட மனிதர், சொந்த வீட்டு வாசலில் எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நான் அவரைத் தள்ளவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை.

உள்ளே பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு யோகாவின் குரல்.

"மாஸ்டர் செவ்வாய்க்கிழமை அரை மணித்தியாலம் முந்தி வரச் சொன்னவர். கால் பழக. முன் வரிசைதான்."

அத்தான் இன்னும் படிக்கு வெளியேதான் நின்றார்.

"எந்தக் காலெண்டாலும் பரவாயில்லை அப்பா, உள்ளுக்கு வாங்கோ."