ஃபார்முலா வேலை செய்யலீங்க

டாக்டர்களுக்கு அடுத்தபடியாக, "நான் ஒண்ணுமே பண்ணலீங்க, தானா இப்படி ஆயிடுச்சு" என்ற பேச்சை அதிகம் கேட்கிற தொழில் என்னுடையது. திருப்பூரில் கம்பெனி கம்பெனியாகப் போய், எக்செல்லில் தட்டிய ஃபார்முலா ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்துக் கொடுக்கிறேன். நீங்களும் என்றைக்காவது ஒரு ஷீட்டின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்தானே? அப்படியென்றால் இவர்கள் எல்லாரும் உங்கள் உறவுக்காரர்கள்தான்.

சொன்னதையே சொல்லும்

மடத்துக்குளம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இங்கே பனியன் யூனிட் வைத்திருக்கும் ஒரு முதலாளி, அறுபது வயதுக்கு மேல் எக்செல் பழகினார். ஃபார்முலாவை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தட்டுவார். தட்டி முடித்து என்டரை அழுத்தினால் விடை வராது. தட்டியது அப்படியே கட்டத்தில் நிற்கும். அந்தக் கட்டங்களை யாரோ 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்திருந்தார்கள். அப்படி வைத்துவிட்டால் நாம் எதைத் தட்டினாலும் அது வெறும் எழுத்துதான், கணக்குப் போடாது.

மாற்றிக் கொடுத்ததும் விடை வந்தது. நாலு நாள் இப்படியே விட்டுவிட்டீர்களே, அப்போதே கூப்பிட்டிருக்கலாமே என்றேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த மகன் படத்தைத் துண்டால் ஒரு துடை துடைத்தார். மகன் கனடாவில் இருக்கிறான்.

"எங்கூட்டுப் பையனும் சின்னதுல இப்படித்தான் கண்ணு, நான் என்ன சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லுவான். அவனாட்டமே இருக்குதேன்னு இதைத் திட்ட மனசு வல்ல."

மார்ச் இரண்டாம் தேதிச் சட்டை

அனுப்பர்பாளையத்தில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் யூனிட். பேக்கிங் பார்க்கும் மரகதம் அழுதுகொண்டே போன் செய்தாள். பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு அளவுகளைத் தட்டியிருக்கிறாள். இரண்டிலிருந்து மூன்று வயதுக்கு 2-3, அடுத்ததற்கு 3-4. எக்செல் அதையெல்லாம் தேதி என்று நினைத்துவிட்டது. மார்ச் இரண்டு, ஏப்ரல் மூன்று என்று மாற்றி, அதுவே ஸ்டிக்கராக அச்சாகி, பாதிப் பெட்டிகளில் ஒட்டியும் ஆகிவிட்டது. மத்தியானம், சரக்கை வாங்கும் பையரின் ஆள் அதைப் பார்க்க வருகிறார். "அவர் வர்றதுக்குள்ள சரியாகலைன்னா நீ நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இங்கே டெக்ஸ்ட் என்று வைப்பதுதான் மருந்து. அந்த வரிசையை அப்படி மாற்றி, அளவுகளைத் திரும்பத் தட்டி அச்செடுத்தோம். நானும் உட்கார்ந்து பழைய ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டினேன். பையரின் ஆள் வந்து இறங்கியபோது கடைசிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தோம். சரக்கு பாஸ் ஆனது. குப்பைக்கூடையில் போட்ட ஸ்டிக்கர்களில் ஒன்றை மட்டும் மரகதம் எடுத்து, தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஒட்டினாள்.

"எம்பொண்ணு பொறந்தது மார்ச் ரெண்டுங்க்கா. ஹாஸ்டல்ல இருக்கறா. இது இங்கயே இருக்கட்டுங்க."

பேர் கேட்டது

தையல் ஃப்ளோரில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு. அதை எல்லாரும் 'சாம்' என்பார்கள். அந்த நிமிடங்களைக் கூட்டும் வேலையை, பன்னிரண்டாவது படித்த ஒடிசாப் பெண் ஒருத்தியிடம் கொடுத்திருந்தார்கள். ஃப்ளோரில் அவளுக்குப் 'பதினாலாம் மெஷின்' என்றுதான் பெயர். சூப்பர்வைசர் ஒரு திருநெல்வேலி அம்மா. டோட்டல் வர வேண்டிய இடத்தில் தினமும் யாரோ ஒருவருடைய பெயர் வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். கூட்டுவதற்கு SUM என்று தட்ட வேண்டிய இடத்தில், காதில் விழுந்து பழகிய SAM-ஐத் தட்டியிருக்கிறாள். அப்படி ஒரு ஃபார்முலாவே கிடையாது. அதனால் எக்செல் #NAME? என்று காட்டியிருக்கிறது. கேள்விக்குறியோடு கேட்கிறதே என்று அவள் அதே கட்டத்தில் 'சஞ்சுக்தா நாயக்' என்று தட்டி என்டர் அழுத்தியிருக்கிறாள். ஒரு நாள் விடாமல்.

"நேம் கேட்டுச்சு அக்கா, நான் சொன்னேன்" என்றாள், தப்பு செய்துவிட்டோமோ என்ற முகத்தோடு. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. சூப்பர்வைசரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சஞ்சுக்தாவா? நல்ல பேராத்தான் இருக்கு தாயி. ரெண்டு வருசமா நான் ஒரு நாளும் கேக்கலையே."

செல்வராஜண்ணன் வீட்டில்

ஒரு பனியனுக்கு எத்தனை கிராம் துணி வேண்டும் என்று கணக்குப் போடுவதில் செல்வராஜண்ணனுக்குப் பேர் உண்டு. மாதம் ஒருமுறையாவது எனக்குப் போன் செய்து ஷீட்டில் ஏதாவது சந்தேகம் கேட்பார். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. பழகின வேலை எதையாவது செய்ய விடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், அவர் மனைவி சாந்தாமணியக்கா லேப்டாப்பை முன்னால் வைத்திருக்கிறார்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்களான்னு வந்து பாருங்க. என்னமோ தட்டறாரு, ஒண்ணும் வர மாட்டேங்குது" என்று அக்கா கூப்பிட்டார். நான் போனபோது வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொந்தக்காரங்கெல்லாம் புத்தி கலங்கிப்போச்சுன்னு சொல்றாங்க. நான் நம்பலீங்க. ஆனாலும் பயமா இருக்குது."

திரையில் ஒரே வரி, பத்துப் பன்னிரண்டு தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது: (70+22+8)*(52+3)*2*160/10000. அக்காவுக்கு அது கிறுக்கல். எனக்கு உடம்பு நீளம், கை நீளம், மார்பு அகலம், தையலுக்கு விடுவது, துணியின் கனம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு எண் கூடத் தப்பில்லை. முன்னால் போட வேண்டிய சமக்குறி மட்டும் இல்லை. அதைப் போட்டு என்டரை அழுத்தினேன். 176 என்று வந்தது.

அண்ணன் வேகமாகத் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் இடது கையை நீட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். நான் அந்த வரியைத் திறந்து கொடுத்தேன். ஒற்றை விரலால், ஒவ்வொன்றாக, கடைசியில் *1.07 என்று சேர்த்தார். வெட்டும்போது வீணாகிற துணி. அதை நான் யோசிக்கவே இல்லை. என்டரையும் அவரே அழுத்தினார். 188.32. இப்போதுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தார்.

என்ன நடந்தது என்று அக்காவுக்கு மெதுவாகச் சொன்னேன். நான் போட்டது தப்பு, அண்ணன் திருத்தினார் என்றேன். அக்கா திரையைப் பார்த்தார். பிறகு அண்ணன் தோளில் கை வைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்.

"அப்ப உள்ளதான் இருக்காருங்க."

என் மாமியார் கேட்கிறவர்களிடமெல்லாம் "மருமக கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு கம்ப்யூட்டர்கூட ரிப்பேராகி இருந்ததில்லை என்று அவரிடம் சொன்னால் பிழைப்பு போய்விடுமோ என்று நானும் பேசாமல் இருக்கிறேன்.