அக்காவை வெறும் வயிற்றில் நிறுத்திய கதை

என்னைப் பார்க்கிற யாருக்கும் கொழுப்பு என்ற சொல் நினைவுக்கு வராது. பஸ்ஸில் நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் காலி என்று நினைத்து கர்ச்சீப் போட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவன் குதிகால் வலி என்று தொம்மலூரில் ஒரு டாக்டரிடம் போனேன். செருப்பை மாற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தால், குதிகாலுக்கு மேலே தடித்துப்போயிருந்த தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டோடு போனதும், "அப்பா எப்படிப் போனார்?" என்றார்.

"ஹார்ட் அட்டாக். நாப்பத்தேழு வயசு. முன்கோபக்காரர், அதனாலதான்னு சொல்வாங்க."

"பாவம், கோபத்து மேல பழி போடாதீங்க. இது பரம்பரைக் கொலஸ்ட்ரால். நீங்க தின்னாலும் தின்னாட்டியும் பிறந்ததுலேர்ந்தே ஜாஸ்தி. ரத்தக் குழாயோட சுவருக்குள்ள மெல்ல மெல்லப் படிஞ்சுக்கிட்டே இருக்கும். கூடப் பிறந்தவங்க யாராவது?"

அக்கா இருந்தாள், பீன்யாவில். நாற்பத்தாறு வயது. அவளுடைய கண்ணிமைகளில் மஞ்சளாக ஒரு தடிப்பு உண்டு; அப்பாவுக்கும் இருந்தது. அது தோன்றிய வருஷம்தான் மாமாவுக்கு ஃபேக்டரியில் ஃபோர்மன் பதவி கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு 'லட்சுமி களை' என்று பெயர். டாக்டரிடம் சொன்னேன். "அதுவும் கொலஸ்ட்ரால்தான். உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பாவின் வயதை எட்ட அக்காவுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது.

"கொழுப்பாம், எனக்காம்! வெள்ளி, செவ்வாய், கிருத்திகை எல்லாம் போக நான் கறி திங்கறதே எப்பவாவதுதான். போய் உங்க மாமாவைப் பாரு, தொப்பை அவருக்குத்தான்."

"மாமா நம்ம ரத்தம் இல்லக்கா."

"அதான் மனுஷன் தப்பிச்சாரு."

ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசியில் சம்மதித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்று சொல்லி வைத்தேன். வருஷம் முழுக்க விரதம் இருக்கிறவளுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

லேபில் இருந்த பெண் ஊசியை எடுத்துக்கொண்டே, "ஊட்டா ஆய்த்தா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள். இந்த ஊரில் அறிமுகமில்லாதவர்கள்கூடச் சாப்பிட்டாயிற்றா என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

"இல்லம்மா, நான் விரதம்," என்றாள் அக்கா பெருமையாக. "கொஞ்சம் ரவா உப்புமா, ஒரு காபி, அவ்வளவுதான்."

அந்தப் பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். விரதம் என்றால் எங்கள் குடும்பத்தில் சோறு கிடையாது. உப்புமாவைச் சாப்பாட்டுக் கணக்கில் நாங்கள் சேர்த்ததில்லை. அதுவரை எனக்கும் இது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

அடுத்த தடவை உப்புமாவைத் தியாகம் செய்துவிட்டு, பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். "பால் பழம்கூடவா சேர்த்தி? சாமியே ஒத்துக்குதுடா!"

மூன்றாவது தடவை அவள் வீட்டிலேயே போய்த் தங்கி, சமையலறை வாசலுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்தேன். விடிந்ததும் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"நகருடா, டிகாக்‌ஷன் போடணும்."

"மாட்டேன்."

"தாண்டிப் போயிடுவேன். அப்புறம் நீ வளரவே மாட்டே."

"எனக்கு நாப்பத்து மூணு வயசுக்கா!"

"வளர்ந்த லட்சணம்தான் தெரியுதே."

அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் ரத்தம் கொடுக்க வைத்தேன். ரிப்போர்ட் வந்ததும் என்னுடையதைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "உன்னைவிட எனக்குத்தான் ஜாஸ்தி!" எஸ்.எஸ்.எல்.சி. மார்க் வந்த அன்றும் இதே குரல்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் அவள் கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து நகர்த்தினார். திரையில் ஏதோ சாம்பல் நிறத்தில் துடித்தது. எனக்கு அது புரியவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் புரியவில்லை.

"சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கு. ஒரு இடத்துல லேசாப் படிஞ்சிருக்கு," என்றார் கடைசியில். "ஆனா அடைப்பு இல்ல, ரத்தம் நல்லாவே போகுது. நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. மாத்திரையை ஆரம்பிச்சா பெரும்பாலும் இதுக்கு மேல போகாமப் பார்த்துக்கலாம்."

அக்கா படுத்தபடியே கேட்டாள். "எங்கப்பா காலத்துல இந்த மாத்திரை இருந்துதா டாக்டர்?"

"இல்லம்மா."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "என் பசங்களுக்கு?"

"ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பார்த்துடறது நல்லது."

"நான் எவ்வளவு நாள் சாப்பிடணும்?"

"ஆயுசு பூரா."

"அப்ப நிறைய மாத்திரை வாங்கணும்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆட்டோ பிடிக்கிறேன் என்று நான் வெளியே வந்துவிட்டேன். ஆட்டோ நின்றது. எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டதற்கு, அக்கா வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னாலேயே வந்த அக்கா, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

"பீன்யா போப்பா. வீட்டை நல்லாப் பார்த்து வச்சுக்கோ. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு, ரெண்டு பசங்களை இங்க கூட்டிட்டு வரணும். ஆறுன்னா ஆறு."