லைட் எரியாத கேமரா

கல்யாண வீடியோ லைட்டின் சூடு இன்னும் என் வலது கன்னத்தில் இருக்கிறது… பூச்சி கருகுகிற வாசம், வாடின மல்லிகை வாசம், மணப்பெண்ணின் பவுடர் வியர்வையில் கரைகிற வாசம்.

ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று வருஷம் நான் லைட் பிடித்தேன். முதலாளி தோளில் பெரிய கேமரா, என் கையில் லைட். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அதைச் செருகினால் பாதி நேரம் ஃபியூஸ் போகும். ரேடியோ செட்டு நின்றுவிடும், சமையல்காரர் திட்டுவார், எல்லோரும் என்னை முறைப்பார்கள்.

லைட் எரிந்தால் சனம் சிலையாகிவிடும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள், சாப்பிடுகிறவர்கள் கையைக் கீழே வைப்பார்கள். அணைந்ததும்தான் உயிர் வரும். அந்த உயிரை யாருமே படம் பிடிப்பதில்லை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் சொல்லியே விட்டேன். தனியாகச் செய்யப்போகிறேன், சின்ன கேமரா வாங்கப்போகிறேன் என்று.

முதலாளி சிரித்தார். "பொம்பளப் புள்ள, கையில வெளையாட்டுச் சாமான். எவன் கூப்புடுறான்னு பாப்போம்."

பாருங்கள் என்றுதான் கொட்டகலையில் கொழும்பு ரயில் ஏறினேன். அப்போதுதான் கையடக்க HD கேமராக்கள் கொழும்புக் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லொக்கு எக்கக் கன்ன நங்கி" என்றார் சிங்களத்தில். பெரிசா ஒண்ணு எடு தங்கச்சி என்று அவரும் அதே பாட்டு.

எனக்கு என் கணக்கு இருந்தது. வலப்பனைக்கு இரண்டு பஸ் மாறி, அங்கிருந்து படி ஏறுகிறவளின் கைப்பையில் அது அடங்க வேண்டும். வாரநாளில் இறம்பொடை அருவி பார்க்க வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கவும் அதே கேமராதான். மைக் செருக ஓட்டை வேண்டும். வெளிச்சம் குறைந்த அறையில் முகம் தெரிய வேண்டும். கடையின் மேசைக்கு அடியில் குனிந்து, அந்த இருட்டில் என் செருப்பைப் படம் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. செருப்பின் வார் தெளிவாகத் தெரிந்தது… எடுத்துவிட்டேன்.

மெமரி கார்டு கேமராவும் இருந்தது. நான் டேப் போடுகிறதையே எடுத்தேன். டேப்பை அலமாரியில் வைத்துப் பூட்டலாம் இல்லையா.

முதல் கல்யாணம் வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்தில். பெண் பெயர் செல்வி. அப்பா இல்லாத பிள்ளை, பெரியப்பாதான் எல்லாம். அவர் குரல் எழுப்பினால் மூன்று லயத்துக்குக் கேட்கும். நான் கைப்பையைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"என்னா புள்ள இது, சோப்பு போடுற சவுக்காரப் பொட்டி மாதிரி? கேமரா எங்க?"

"இதுதாங்க கேமரா."

"லைட்டு?"

"லைட்டு வேணாங்க."

"லைட்டு இல்லாம வீடியோவா? மாப்ள வீட்டு சனம் சிரிக்கவா? ஹட்டன் கடைக்காரரையே கூப்புட்டுக்கிறோம். நீ எறங்கு."

இங்கிருந்து திரும்பினால் மறுபடி அதே லைட்டைப் பிடிக்கத்தான் போக வேண்டும்.

"புடிக்கலேன்னா டேப்ப அடுப்புல போடுங்க. எடுக்காம மட்டும் நான் எறங்க மாட்டேங்க."

உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த செல்வியின் குரல் வந்தது. "பெரியப்பா, விடுங்க. பக்கத்து லயத்துக் கல்யாணத்துல அந்த லைட்டாலதானே கரண்டு போச்சு. அக்காவே எடுக்கட்டும்."

அவர் "என்னமோ செய்ங்க" என்று போய்விட்டார். அன்று முழுக்க என்னை அவர் ஆளாகவே மதிக்கவில்லை. மூடுபனியில் கேமரா ஈரமானால் டேப் ஓடாது. அதைக் குழந்தைபோல் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

லைட் எரியாததால் கேமரா ஓடவில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். தப்பு அடிப்பவர் வெற்றிலை போட்டுக்கொண்டே சிரிக்கச் சிரிக்கப் பகிடி விட்டார். பெண்கள் பந்தியில் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்தார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சில வாரம் கழித்து DVD கொண்டுபோனேன். செல்வி வீட்டு டிவி முன்னால் லயமே கூடியிருந்தது. பெரியப்பா குறை கண்டுபிடிக்க முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

தோட்டத்துக் கோவிலில் தாலி கட்டும் இடம் வந்தது. எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். என் கேமரா மெல்லத் திரும்புகிறது… கோவில் சுவர் ஓரமாய் ஒதுங்கி நின்று, கழுத்துத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, பெரியப்பா அழுதுகொண்டிருக்கிறார்.

அந்த மனுஷன் அழுது வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "லைட்டு எரியலயே புள்ள…"

"அதனாலதாங்க கெடச்சிச்சு."

செல்வி அவர் மடியில் தலை வைத்து ஓவென்று அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டது அவர்தான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன மாதம் பெரியப்பா இறந்துபோனார். செல்வி எனக்குப் போன் போட்டாள். "அக்கா, DVD கீறிப்போச்சு. பெரியப்பா அழுவுறது ஒங்ககிட்ட இருக்குமா?"

அலமாரியைத் திறந்தேன். டேப் இருந்தது. அதைப் போட்டுப் பார்க்க என்னிடம் இருப்பது அந்தப் பழைய கேமரா மட்டும்தான். கிரீச் என்று முனகியது… பிறகு ஓடியது. வெளியே மழை பெய்துகொண்டிருக்க, ஒற்றை ஆளாய் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இப்போது போனிலேயே இதைவிடத் தெளிவாக எடுக்கலாம். எடுக்கிறார்கள். ஆனால் போனைத் தூக்கியதும் சனம் மறுபடி சிலையாகிவிடுகிறது, என்ன, இப்போது சிரிக்கிற சிலை.

ஹட்டன் முதலாளியின் பெரிய கேமரா இன்று அவர் கடைக் கண்ணாடிக்குள் அலங்காரமாக நிற்கிறது. என் சவுக்காரப் பெட்டி போன மாதமும் வேலை செய்தது.