கொலைகாரனுக்கு ஒரு சோடா

போன ஞாயிறு பாகூரில் சினிமா பார்த்தேன். தியேட்டரில் இல்லை, ரைஸ்மில் கோடவுனில்! கல்லூரி மாணவர்கள் சிலர் எட்டு எம்.எம். கேமராவில் எடுத்த குறும்படம். பழைய வெளிநாட்டுக் கொலைக்கதை ஒன்றை நம்மூர்க் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஜன்னலுக்குச் சாக்கு, திரைக்கு வேட்டி.

மூலக்கதையில் புருஷனுக்கு விஷம் வைப்பவள் மனைவி. அந்த வேஷம் மல்லிகாவுக்கு. கூடப் படிக்கும் பெண். தை மாதம் கல்யாணம்.

"கொலைகாரியா காட்டுனா மாப்ள வூட்ல இன்னா நெனப்பாங்க சார்? அதான் புருஷனோட தம்பி கொன்ன மாதிரி மாத்திட்டோம். மல்லிகாவுக்கு அழுவுற சீன் ஒண்ணு சேத்தோம்" என்றான் டைரக்டர் பையன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

மல்லிகாவின் அப்பா தனகோட்டி, கரும்பு விவசாயி. மகள் படத்தில் வருகிறாள் என்ற பூரிப்பில், சோரியாங்குப்பத்துச் சம்பந்தி வீட்டாரை அவரே அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்.

படம் ஓடியது. புருஷன் செத்தான். மல்லிகாவின் பொட்டை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். அவள் அழுத அழுகையில்... நானே கைக்குட்டையை எடுத்துவிட்டேன்.

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். "நிறுத்துங்கபா. லைட்டப் போடுங்க."

தனகோட்டி ஓடினார். "நடிப்புதானேம்மா..."

"கழுத்துல ஏறுறதுக்கு முந்தியே அறுத்துக்கினு நிக்குது. எம் புள்ளைக்கி எப்படிக் கட்டுவேன்? கொலகாரியா நடிச்சிருந்தாகூட பரவால்ல!"

அவ்வளவுதான். கல்யாணம் நின்றுவிட்டது. நானும் கெஞ்சிப் பார்த்தேன். மூடநம்பிக்கையைப் பற்றி எத்தனை வாரம் இதே பத்தியில் முழங்கியிருக்கிறேன்! ஒரு அம்மாளைத் திரும்ப உட்காரவைக்க முடியவில்லை. மாப்பிள்ளையும் அங்கேதான் இருந்தான். அம்மா பின்னாலேயே போய்விட்டான். எழுதி என்ன ஆகப்போகிறது என்று வெறுத்துவிட்டது.

வெளியே ஒரே கூட்டம். நடுவில், தம்பியாக நடித்த பையன். "இன்னாமா வெஷம் வெக்கிறான்டா!" என்று முதுகில் தட்டி அவனுக்கு சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மல்லிகா உள்ளே நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள்.

"கொஞ்சம் கொறச்சி அழுதிருந்தா வுட்ருப்பாங்களா சார்?" என்று கேட்டாள்.

நன்றாக நடித்தாய் என்றா சொல்வது? பஸ் ஏறிவிட்டேன்.

கடைசி ரீலில் கொலைகாரன் மாட்டிக்கொள்வானாம்... அதை ஓட்டவே இல்லை.