தாழ்வாரத்திலிருந்து ஒரு பாட்டு

கறுப்பு மாமா, நீ கண்ணை மூடிய பிறகு நான் ஊர் தாண்டியது இன்றைக்குத்தான். நம் மகள் எஸ்தர் பள்ளிக்கூடப் பாட்டுக் கோஷ்டியோடு விழுப்புரம் போனாள். கோஷ்டியை நடத்தும் டீச்சரம்மா பிள்ளைகளுக்குத் துணையாக என்னையும் கூப்பிட்டார்.

திண்டிவனத்தில் ஏறிய, கரிப்புகையில் ஓடும் பஸ் விக்கிரவாண்டியில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

காலையில் விழுப்புரம் வேதக் கோயிலில் பாடினார்கள். நாமெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பாட்டு. எடுத்துக் கொடுப்பது எஸ்தர்தான். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அதே உபதேசியார் வாசலில் நின்று தெருவைக் கேட்டார். சொன்னோம். எங்கள் இருவருக்கு மட்டும் கோயில் தாழ்வாரத்தில் இலை போட்டார்கள்.

"அப்ப சாயங்காலப் பாட்டையும் இங்கயே நின்னுக்கினு பாடிடட்டுங்களா?" என்றாள் எஸ்தர்.

"பாட்டு வேற, சோறு வேற, பொண்ணே" என்றார் அவர்.

சாயங்காலம் அவள் உள்ளே போகவே இல்லை. மற்ற பிள்ளைகள் பாட்டை எடுக்கத் தெரியாமல் முழித்தார்கள்.

"ஜல்தி வாம்மா, பேஜாரு பண்ணாதே!" என்று உபதேசியார் ஓடிவந்து கெஞ்சினார்.

அவள் தாழ்வாரத்திலிருந்தே எடுத்தாள். கோயிலே பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சரம்மா, "உன் பொண்ணை இனிமே கோஷ்டியில சேத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

பாட்டென்றால் அவளுக்கு உயிர். விடிந்ததும் டீச்சரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லேன், மாமா?